பன்னிரண்டாவது ஆள்

சன்னலோரம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்கு வெயில் ஒத்துக்காது. விருதுநகர்ல எறங்குறீகளா? நல்லது. நான் மதுரை வரைக்கும் போறேன். மக வீடு. மக வீடுன்னா, பஸ் ஸ்டாண்டு வரைக்கும்னு வச்சுக்கோங்களேன். போன ரெண்டு தடவையும் மாப்பிள்ளை ஸ்டாண்டுக்கே வந்துட்டாரு. காப்பி வாங்கிக் குடுத்து, "இன்னைக்கு வேணாம் மாமா, அவ மனசு சரியில்ல"ன்னு மறுபடி கோயில்பட்டி பஸ்சுல ஏத்திவிட்டுட்டாரு. தங்கமான மனுசன். ஒரு கோவமான வார்த்தை கெடையாது. அதுதான் இன்னும் சங்கடமா இருக்கு.

ஒரே பேரன். ஒன்றரை வயசு. அவனைப் பாத்து நாப்பது நாளாச்சு. என்ன தப்பு பண்ணுனேன்னு கேப்பீக. காது குத்துனேன் தம்பி. பேரனுக்குக் காது குத்துனேன். அதுல வந்த வினை இது.

எனக்கு ஒரே பொண்ணு. செண்பகம்னு பேரு. ஒண்ணே போதும்னு நிறுத்துனவன் நான். அந்தக் காலத்துல அது எவ்வளவு பெரிய காரியம் தெரியுமா? எங்க மில்லு மேனேஜர் கேண்டீன் கூட்டத்துல என்னைய எந்திரிச்சு நிக்கச் சொல்லி, "இவரைப் பாத்துக் கத்துக்கோங்க"ன்னாரு. எல்லாரும் கைதட்டுனாக. ஆப்பரேசன் நான் பண்ணிக்கிடலை, எங்க வீட்டுல அவ பண்ணிக்கிட்டா. நான் ஸ்பின்னிங் மேஸ்திரி. அறுபது ஆளுகளைக் கட்டி மேய்க்கணும். நான் படுத்துக்கிட்டா ஷிப்டை யாரு பாக்குறது? அவ மகராசி, ஒரு வார்த்தை மறுத்துப் பேசலை. அவ போயும் ஒம்பது வருசமாச்சு.

ஆனா பாருங்க, ஒத்தப் பொண்ணா வச்சவனுக்கு ஒண்ணு அன்னைக்குத் தோணலை. அவளுக்கு ஒரு புள்ள பொறந்தா, அதைத் தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான காது குத்தணும்? கூடப்பொறந்தவனே இல்லாதவளுக்கு மாமன் எங்கிட்டு வருவான்? நானும் கைதட்டல்ல அதை மறந்துட்டேன்.

செண்பகத்துக்கும் சும்மா பொறக்கலை அந்தப் புள்ள. கல்யாணமாகிப் பதினோரு வருசம். எத்தனை ஆசுபத்திரி, எத்தனை ஊசி. வயிறெல்லாம் ஊசி குத்திக் கன்னிப்போய்க் கெடக்கும். பெத்து எந்திரிச்ச கையோட, "இதுக்கு மேல என்னால ஆகாதுப்பா"ன்னுட்டா. சரித்தான்.

மாமன் முறைக்கு ஆள் தேடுனேன். எங்கப்பா கூடப்பொறந்தவுக ஏழு பேரு தம்பி. ஒவ்வொரு வீட்டுலயும் நாலு, அஞ்சு. கல்யாணம் காச்சின்னா பாயில எடம் இருக்காது. இப்ப நான் பங்காளி வீடு பங்காளி வீடா ஏறி எறங்குறேன், எம்மகளுக்கு அண்ணன் தம்பி முறையில ஒரு ஆம்பளை இல்ல. ஒரு வீட்டுல பொண்ணு மட்டும். ஒரு வீட்டுல பையன் மலேசியாவுல. ஒரு வீடு பூட்டிக் கெடக்கு, பக்கத்துல கேட்டா, "அவுக திருப்பூரு போயி ஆறு வருசமாச்சே"ங்கிறாக. கடைசியில முறைக்குன்னு நின்னது ஒரே ஒருத்தன். வெயிலுமுத்து.

எங்க பெரியப்பா பேரன் அவன். எனக்கு அண்ணன் மகன் முறை. எட்டு வயசுதான் எனக்கு எளையவன், ஆனா சித்தப்பா சித்தப்பான்னு நாய்க்குட்டி மாதிரி பின்னாடியே வருவான். மில்லுல அவனைச் சேத்துவிட்டதே நான்தான். பதிலியாச் சேத்துவிட்டேன். பதிலின்னா தெரியுமா? நெரந்தர ஆள் எவனாச்சும் வரலைன்னா அந்த எடத்துல நிக்கிறவன். தெனம் காலையில கேட்டுல போயி நிக்கணும். கூப்பிட்டா வேலை, கூப்பிடலைன்னா வீடு. மூணு வருசம் அப்படி நின்னான் பய.

அப்பத்தான் எமர்ஜென்சி வந்துச்சு. நீங்க பொறந்திருக்க மாட்டீக. மேல இருந்து மில்லுக்கு உத்தரவு. இத்தனை ஆம்பளைக்கு ஆப்பரேசன் பண்ணியாகணும். மேனேஜர் மேஸ்திரிமாரைக் கூப்பிட்டு, ஆளுக்குப் பன்னிரண்டு பேரு கொண்டாங்கன்னுட்டாரு. கொண்டாராட்டி மேஸ்திரி வேலை இல்ல, மறுபடியும் மிஷின்ல போயி நில்லுன்னாரு. நான் பதினோரு பேரைச் சேத்துட்டேன். எல்லாம் மூணு புள்ள, நாலு புள்ள பெத்தவுக. அவுகளுக்கும் நல்லதுதான. அதுல நான் ஒருத்தருக்கும் கெடுதல் நெனச்சதில்ல. பன்னிரண்டாவது ஆள் மட்டும் அமையலை. மறுநாள் முகாம். ஒருத்தன் ஒத்துக்கிட்டவன், ராத்திரியோட ராத்திரியா மாமனார் ஊருக்கு ஓடிட்டான்.

காலையில கேட்டுக்குப் போறேன், வெயிலுமுத்து நிக்கிறான். அன்னைக்கும் அவனைக் கூப்பிடலை. தொங்கப்போட்ட மூஞ்சியோட நிக்கிறான். எனக்கு மனசு எளகிருச்சு. நெசமாத்தான் சொல்றேன், அவனுக்கு ஒரு வழி பண்ணணும்னுதான் எனக்கு மொதல்ல தோணுச்சு. "டேய், இந்த ஆப்பரேசனைப் பண்ணிக்கோ, மூணு மாசத்துல ஒன்னைய நெரந்தரம் ஆக்குறது எம்பொறுப்பு"ன்னேன். "எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே சித்தப்பா"ங்கிறான். இருவத்திரண்டு வயசு. மீசை கூட ஒழுங்கா வரலை.

அப்ப நான் சொன்னேன், "அட, இது என்ன வெட்டியா எறியிறாக? ஒரு சின்ன நரம்பு. நம்ம மிஷின்ல இழை அறுந்தா என்னடா செய்யிறோம்? ரெண்டு விரல்ல பிடிச்சு ஒட்டிவிடுறோம், அது பாட்டுக்கு ஓடலையா? கல்யாணம் ஆனதும் போயி ஒட்டிக்கிட வேண்டியதுதான்"னேன். நான் நெசமாவே அப்படித்தான் நெனச்சேன் தம்பி. தெனம் ஆயிரம் இழை ஒட்டுற ஆளு நான். அவனும் அதைத்தான் செய்யிறான். நூலைத் தவிர வேற என்னத்தக் கண்டோம் நாங்க? அவனும் நம்பிட்டான்.

பாரத்துல பொஞ்சாதி பேரு, புள்ளைக பேரு, வயசு எல்லாம் எழுதணும். ரெண்டு புள்ள இருந்தாத்தான் ஏத்துக்கிடுவாக. நான்தான் எழுதுனேன். கையில வந்த பேரை எழுதுனேன். மூத்தவன் கதிரேசன், நாலு வயசு. எளையவ பூங்கோதை, ரெண்டு வயசு. எனக்கு இதெல்லாம் மறந்தே போச்சு. அவன்தான் இப்போ ஞாபகப்படுத்துனான், சொல்றேன் இருங்க. டாக்டர் பாரத்தப் பாக்குறாரு, இவனைப் பாக்குறாரு. "என்னப்பா, ரெண்டு புள்ளைக்கு அப்பனா நீ?"ன்னாரு. இவன் என்னையப் பாத்தான். நான் தலையாட்டுனேன். இவனும் ஆட்டிட்டான்.

மூணாம் மாசம் அவன் நெரந்தரம் ஆனான். வாக்குன்னா வாக்கு. அதை யாரும் மறுக்க முடியாது.

ரெண்டு வருசம் கழிச்சுக் கல்யாணம். பொண்ணு பேரு வேலுத்தாய், கழுகுமலைப் பக்கம். நான்தான் போயிப் பேசி முடிச்சேன். ஆப்பரேசன் விசயத்த மூச்சுவிடாதடா, எவனும் பொண்ணு குடுக்க மாட்டான்னு சொல்லிவச்சேன். கல்யாணத்துக்கு முன்னாடி மதுரை பெரியாஸ்பத்திரிக்குத் தனியாப் போயிட்டு வந்தான் ஒட்டுறதுக்கு. கிழிச்சாக, தச்சாக, ஒண்ணும் கூடலை. வந்து எங்கிட்டத்தான் அழுதான். "கடவுள் விட்ட வழிடா"ன்னேன். வேற என்ன சொல்றது? எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். எங்க வீட்டுல அவளுக்குக் கூடத் தெரியாது.

வேலுத்தாய் நல்ல புள்ள தம்பி. அதையும் சொல்லணும். எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளித்தான் குடியிருந்தாக. செண்பகத்துக்குப் பள்ளிக்கூடம் போற வரைக்கும் தலை பின்னிவிட்டதெல்லாம் அவதான். மதினி மதினின்னு இவ அவ மடியிலதான் கெடப்பா. ஒரு புள்ளைக்காக வேலுத்தாய் ஏறாத மலை இல்ல, எடுக்காத தீச்சட்டி இல்ல. இருக்கன்குடிக்கு வருசா வருசம் நடந்து போவா. ஒரு வருசம் ஆத்து மணல்ல மண்சோறு சாப்பிட்டா. எம்பொஞ்சாதி அவ கூடப் போயிட்டு வந்து எங்கிட்டச் சொல்லி அழுவா, "பாவம்ங்க, அவ வயித்துல ஒரு பூச்சி கூட தங்கலையே"ன்னு. நான் பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பேன். தெருவுல அவளை என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டாகன்னு நான் சொல்ல வேணாம், ஒங்களுக்கே தெரியும். வெயிலுமுத்துக்குக் கேக்கும். தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிருவான்.

செண்பகம் உண்டாகி, வளைகாப்பு நம்ம வீட்டுலதான் நடந்துச்சு. பதினோரு வருசம் கழிச்சு வந்த வளைகாப்பு. செண்பகம், "மொத வளையல் மதினிதான் போடணும்"னு ஒத்தக் கால்ல நிக்கிறா. சம்பந்தியம்மா என்னைய ஒரு பார்வை பாத்தாக. நான் என்ன செய்யட்டும்? இத்தனை வருசம் கழிச்சுத் தங்கியிருக்கு, ஒரு குறை வந்துட்டா? வேலுத்தாய் புதுச்சேலை கட்டி, தட்டுல வளையலோட வாசல்ல ஏறுறா. நான் போயி, "ஏத்தா, சமையக்கட்டுல ஆள் பத்தலை, அங்கிட்டுப் போயிப் பாரு"ன்னேன். நயமாத்தான் சொன்னேன். புரிஞ்சுக்கிட்டா. தட்டை அப்படியே வாசல்ல வச்சுட்டுப் போயி, நூறு பேருக்கு எலை போட்டு, சாப்பாடு முடியிற வரைக்கும் வெளிய வரலை. அதுக்கப்புறம் எட்டு மாசந்தான் இருந்தா. மஞ்சக்காமாலை.

இப்ப சொல்லுங்க, அந்த வெயிலுமுத்து வீட்டுக்கு நான் போயி நிக்கிறேன். எம்பேரனுக்கு மாமனா வந்து உக்காருடான்னு. என் வயசுக்கு நான் எறங்கிப் போயிருக்கேன். பொஞ்சாதி செத்தவன் உக்காரலாமான்னு சம்பந்தி கூடக் கேட்டாக. ஆம்பளைக்கு அதெல்லாம் பாக்குறதில்லைன்னு நான்தான் சரிக்கட்டினேன்.

சுவத்துல இருந்த வேலுத்தாய் படத்தப் பாத்தான் அவன். அப்புறம், "உக்காருறேன் சித்தப்பா. செண்பகம் எனக்கும் புள்ள மாதிரித்தான். ஆனா குத்துறதுக்கு முன்னாடி சபையில நீங்க ஒண்ணு சொல்லணும்"னான்.

"என்னத்தடா சொல்லணும்?"

"வேலுத்தாய் மேல குறை இல்லைன்னு சொல்லணும். அன்னைக்கு எனக்கு நடந்ததச் சொல்லணும்."

"அதை நீயே சொல்ல வேண்டியதுதான?"

"முப்பது வருசம் அவகிட்டயே மறைச்ச பய நான். இப்ப நான் சொன்னா, செத்தவளுக்குப் பரிஞ்சு பொய் சொல்றான்னுதான் பேசுவாக. நீங்க சொன்னா நம்புவாக. சாகுற அன்னைக்கும் என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'எங்கிட்டதான் குறை, நீங்க இன்னொருத்தியக் கட்டியிருக்கலாம், எனக்காக நின்னுட்டீக'ன்னு சொல்லிட்டுச் செத்தா சித்தப்பா. அப்பவும் எனக்கு வாய் வரலை. நான் பாவி. அவ பேரை மட்டும் எடுத்துக் குடுங்க, எனக்கு வேற ஒண்ணும் வேணாம்." அப்புறம் கொஞ்சம் சிரிச்ச மாதிரி சொல்றான், "நீங்க எழுதுன கதிரேசனுக்கு இப்ப முப்பத்தொம்பது வயசு சித்தப்பா. பூங்கோதைக்கு முப்பத்தேழு. கட்டிக்குடுத்திருப்பேன்."

எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. பைத்தியக்காரப் பய, அதையா எண்ணிக்கிட்டுக் கெடப்பான் ஒரு மனுசன்? சரிடா, சொல்றேன்னுட்டேன். ஆமா தம்பி, சொல்றேன்னுதான் சொன்னேன். நாள் குறிச்சாச்சு, பத்திரிகை அடிச்சாச்சு, வேற மாமன் இல்ல. வேற என்ன சொல்ல முடியும்?

கதிரேசன் கோயில் அடிவாரத்துல ஒரு மண்டபம். எரநூறு பேரு. வெயிலுமுத்து வெள்ளையும் சொள்ளையுமா வந்தான். பேரனுக்கு வெள்ளி அரைஞாண், சட்டை, பழத்தட்டு, ஒரு மாமன் என்னென்ன கொண்டாரணுமோ அத்தனையும் கொண்டாந்தான். மணையில உக்காந்து புள்ளைய மடியில வச்சான். ஆசாரி ஊசியை எடுத்துட்டாரு. இவன் நிமிந்து என்னையப் பாக்குறான்.

சொல்லத்தான் நெனச்சேன். வாயைக் கூடத் தொறந்தேன். முன் வரிசையில சம்பந்தி, அவுக ஆளுக, எங்க பழைய மில்லு ஆளுக நாலஞ்சு பேரு. கல்யாணமாகாத பையனைப் புடிச்சுக்கிட்டுப் போயி அறுத்துவிட்டவன்னு எம்பேரு ஆயிருமே. நல்ல நாளும் அதுவுமா அதையா பேசுறது? மொதல்ல குத்தி முடியட்டும், அப்புறம் சொல்லிக்கிடலாம்னு, "ஆசாரி, நேரம் போகுது, குத்துங்க"ன்னேன். வெயிலுமுத்து புள்ள தலையத் தன் நெஞ்சுல சாச்சுப் பிடிச்சுக்கிட்டான். ஒரு காது. இன்னொரு காது. புள்ள வீல்னு கத்துது. இவன் அதோட கண்ணைத் தொடச்சுவிட்டுக்கிட்டே மறுபடியும் என்னையப் பாக்குறான்.

நான் எந்திரிச்சு, "எல்லாரும் பந்திக்கு வாங்க, எலை போட்டாச்சு"ன்னேன்.

அப்பத்தான் அவன் பேசுனான். சத்தமாவும் பேசலை. "தாயி செண்பகம், ஒங்க மதினி மேல எந்தக் குறையும் இல்ல. குறை எங்கிட்ட. இருவத்திரண்டு வயசுல, கல்யாணத்துக்கு முந்தியே எனக்கு ஆப்பரேசன் பண்ணியாச்சு. எப்படி ஆச்சுன்னு ஒங்கப்பாவுக்குத் தெரியும், கேட்டுக்கோ"ன்னான். செண்பகம் என் மூஞ்சியப் பாத்து, "நெசமாப்பா?"ன்னா.

"எனக்கு என்னம்மா தெரியும்? அவன் பொண்டாட்டி போன துக்கத்துல ஏதோ பேசுறான்"னேன்.

அவன் நெனச்சிருந்தா அந்த எடத்துலயே நிரூபிச்சிருக்கலாம் தம்பி. தழும்பு இருக்கும்ல. நாலு ஆம்பளைகளைத் தனியாக் கூட்டிட்டுப் போயிக் காட்டியிருக்கலாம். காட்டலை. எங்கிட்ட ஒரு வார்த்தை சண்டைக்கும் வரலை. புள்ளையைத் தூக்கி செண்பகம் கையில குடுத்தான், நெத்தியில ஒரு முத்தம் குடுத்தான், செருப்பைப் போட்டுக்கிட்டு எறங்கிப் போயிட்டான். தாய்மாமன் கை நனைக்காமப் போன விசேசத்த எங்கயாச்சும் பாத்திருக்கீகளா? எரநூறு பேரு சாப்பிட்டாக. எலையில சோறு விழுகிற சத்தம்தான் கேட்டுச்சு.

அவன் அப்படிப் போனது மரியாதையா? நீங்களே சொல்லுங்க. நான் சபைக்குப் பயந்துதான் அப்படிச் சொன்னேன். சம்பந்திக்குப் பயந்து சொன்னேன். யாரா இருந்தாலும் அதைத்தான் செய்வாக. இதை இத்தனை நாளா நான் எனக்கே சொல்லிக்கிட்டு வாரேன்.

சாத்தூர் தாண்டியாச்சா? ஒங்களுக்கு எடம் நெருங்குது. இன்னும் கொஞ்சந்தான் இருக்கு, சொல்லிருறேன்.

பந்தியெல்லாம் முடிஞ்ச பெறகு, மண்டபத்துக்குப் பின்னாடி பாத்திரம் கழுவுற எடத்துக்கு என்னைய மட்டும் கூட்டிட்டுப் போனா செண்பகம். கழுவுறவுகளும் போயிட்டாக. தோள்ல புள்ள தூங்குது, காதெல்லாம் செவந்து போயிருக்கு. "அப்பா, இங்க யாருமில்ல. அத்தை மாமா இல்ல, அவரும் இல்ல. எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஒங்க மேல கோவப்படவும் மாட்டேன். ஒரு வார்த்தை ஆமான்னு சொல்லுங்க, நானே போயி மதினி படத்துக்கு முன்னாடி சொல்லிக்கிடுறேன்"னு கேட்டா. அழுதுக்கிட்டே கேட்டா.

நான் சுத்திமுத்திப் பாத்தேன். நெசமாவே யாருமில்ல. சபை இல்ல, சம்பந்தி இல்ல, மில்லு ஆளுக இல்ல. மில்லே இல்ல, அதை மூடி இருவது வருசமாச்சு. எம்மக மட்டுந்தான் நிக்கிறா.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா"ன்னேன்.

அவ கண்ணைத் தொடச்சுக்கிட்டு, சரிப்பான்னு சொல்லிட்டுப் போயிட்டா. அன்னையிலிருந்து போனை எடுக்குறதில்ல. அந்த எடத்துல யாருக்குப் பயந்தேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், பிடிபடலை. இப்ப மதுரைக்குப் போறேனே, அவ கதவைத் தொறந்து மூணாவது தடவையும் கேட்டான்னு வைங்க, தெரியாதுன்னுதான் வாயில வரும் தம்பி. என்னைய எனக்குத் தெரியும்.